கரையில் விட்ட கால்

வலிமானி உப்பாற்றுவிளைக்கு வந்து இறங்கிய நாளில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கித்தான் அதைச் சுகாதார நிலையத்துக்குள் கொண்டுபோனார்கள். அந்த நிலையத்துக்கு மூன்று வருடமாக ஒரு தண்ணீர்க் குழாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய் வரவில்லை, வலிமானி வந்தது. வந்தவரைக்கும் லாபம் என்று ஊரும் பந்தல் போட்டுவிட்டது.

பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. தலையில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டை, எண் ஓடுவதற்கு ஒரு திரை, வலிக்கிற பக்கத்துக் கையையோ காலையோ வைப்பதற்கு ஒரு தொட்டி. தொட்டியில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் நிற்கும். மின்துடிப்பு தடங்கல் இல்லாமல் போக உப்பு வேண்டுமாம். பத்து நிமிடம் உட்கார்ந்தால், மூளையில் எவ்வளவு வலி பதிவாகிறது என்பதைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். அறுபதும் அதற்கு மேலும் வந்தால் பச்சை விளக்கு. அரசாங்கமே முழுச் செலவையும் ஏற்கும், எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி, எத்தனை பெரிய ஆபரேஷனானாலும் சரி. அறுபதுக்குக் கீழே என்றால் சிவப்பு. மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. அரசாங்கம் எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கலாமா கூடாதா என்று ஐந்து வருடம் நாடே தொண்டை கிழியக் கத்தியது. டிவியில் நாலு கட்டத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் கட்டுகிற வரியில் எவனோ நோயாளி வேஷம் போடுகிறான் என்று ஒருவர் சொல்வார். உயிர் என்ன கடைச்சரக்கா என்று இன்னொருவர் மேசையைத் தட்டுவார். இரண்டு பேரும் விளம்பர இடைவேளையில் ஒரே தட்டில் முந்திரிப்பருப்பு எடுத்துத் தின்பார்கள். கடைசியில் அரசின் சுகாதார ஆலோசகர் பரிமேலழகன் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது, ஆகவே உடம்பையே கேட்போம் என்றார். இரண்டு தரப்பும் கைதட்டிவிட்டது. ஏழை பணக்காரன் பார்க்காத இயந்திரத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

கெத்சியாளும் கைதட்டினாள். உப்பாற்றுவிளையில் அந்த இயந்திரத்தை இயக்க வந்தவள் அவள்தான். முப்பத்தொரு வயது, அதே ஊர்ப்பெண். அவளுடைய அப்பா பதினோரு வருடத்துக்கு முன்னால் பெரியாஸ்பத்திரி நடைபாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, காப்பீட்டு அட்டையில் இனிஷியல் தப்பாக இருக்கிறது, திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அவளைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினார்கள். அவள் திருத்திக்கொண்டு வந்தபோது அட்டைக்கு உரியவர் இல்லை. அட்டையே கேட்காத, யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லாத ஓர் இயந்திரம் வருகிறது என்றதும் அவள் முதல் ஆளாக மனுப்போட்டாள். தலைநகரில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தாள்.

பயிற்சியில் அவள் மறக்காமல் மனதில் வைத்துக்கொண்டது ஒரு விஷயம். பாடம் எடுத்த பொறியாளர் சொன்னார்: “அளக்கும்போது அறையில் பேச்சுச் சத்தமே இருக்கக் கூடாதும்மா. துக்கம், அவமானம், ஆத்திரம் எல்லாம் மூளையில் வலிக்குப் பக்கத்து வீடு. இந்த இயந்திரத்துக்கு எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீங்கள் நல்லது கெட்டது எதையும் பேசி வைக்காதீர்கள்.” அவள் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ‘அமைதி’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை எழுதி மேசைமேல் வைத்தாள்.

திறப்பு விழாவுக்கு ஆலோசகர் பரிமேலழகனே வந்திருந்தார். ஒல்லியான, அமைதியான மனிதர். பூப்பந்து ஆடியதில் மணிக்கட்டு பிசகியிருக்கிறது, நானே முதலில் உட்காருகிறேன் என்று சிரித்துக்கொண்டே கையைத் தொட்டிக்குள் விட்டார். அறுபத்தொன்று வந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் பந்தலே ஆரவாரித்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் கெத்சி எத்தனையோ பேரை அளந்தாள். கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரருக்குக் கால்விரல் நகம் உள்ளே வளர்ந்ததற்கு அறுபத்து நாலு வந்தது. எண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே போனாள்.

எட்டாம் மாதத்தில் அன்னக்கனி வந்தாள்.

அன்னக்கனிக்கு நாற்பத்தேழு வயது. பதினாலு வயதிலிருந்து உப்பளத்தில் நிற்கிறவள். இடது குதிகாலில் ஒரு புண், பெருவிரல் நுழையும் ஆழம். டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். சர்க்கரை நோய் கிடையாது, எலும்பு அழுக ஆரம்பித்துவிட்டது, ஆறு மாதத்துக்குள் அழுகியதை எடுத்துவிட்டு வேறு சதை வைத்து மூட வேண்டும், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தது. கெத்சி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். இவளுக்குத் தொண்ணூறாவது வரும் என்று நினைத்துக்கொண்டு பட்டையை மாட்டினாள்.

இருபத்திரண்டு வந்தது.

பட்டையைக் கழற்றி மாட்டினாள். தண்ணீரை மாற்றினாள். பத்து நிமிடம் முழுக்க ஓடி முடிந்தும் எண் இருபத்திரண்டைத் தாண்டவில்லை. அன்னக்கனி ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யக்கா, கால் வலிக்கலையா ஒங்களுக்கு?” என்று கெத்சி கேட்டாள்.

“இங்கன எப்படி வலிக்கும் நர்சம்மா? கால கரையில விட்டுட்டுல்லா எறங்குனேன்.”

நர்ஸ் இல்லை என்று கெத்சி ஊரில் யாரிடம் சொல்லியும் பயனில்லை, அதனால் அதைத் திருத்தவில்லை. கரையில் விடுவதென்றால் என்ன என்று மட்டும் கேட்டாள். இது தெரியாதா என்பது போல அன்னக்கனி அவளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். முதல் நாள் வேலைக்கு வருகிறவள் வெறுங்காலோடு உப்புப் பாத்திக்குள் இறங்கியதும் அலறுவாள். கால்வெடிப்பில் உப்புத் தண்ணீர் கடிக்கிற கடி அப்படி. அப்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் காலைக் கரையில் விட்டுவிட்டு இறங்கு என்பார்கள். இந்தக் கால் என்னுடையது இல்லை, கரையில் செருப்புப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே இறங்க வேண்டும். ஒரு மாதம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும். வேலை முடிந்து நல்ல தண்ணீரில் கழுவும்போது, ‘கால எடுத்துக்கிட்டியாட்டி?’ என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொள்வார்கள்.

“மொதல்ல நாமளா விடணும். பொறவு உப்புத்தண்ணி பட்டதும் அது தானாப் போயிரும். ஒங்க தொட்டியிலயும் உப்புத்தண்ணிதான வச்சிருக்கிய?”

அன்னக்கனி போன பிறகு கெத்சி பதிவேட்டை எடுத்துப் புரட்டினாள். ஏழு மாதத்தில் உப்பளத்துப் பெண்கள் முப்பத்தெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். கண்ணில் பூ விழுந்தவள், இடுப்பு ஒடிந்தவள், கருப்பை இறங்கியவள் எல்லோரும் உண்டு. ஒருத்திக்குக்கூட முப்பதைத் தாண்டவில்லை. முப்பத்தெட்டுச் சிவப்பையும் தன் கையெழுத்திலேயே எழுதியிருந்தாள், ஒரு தடவைகூட உறுத்தவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். உப்பளத் தொழிலாளர்களுக்குத் தொட்டி ஒத்துவரவில்லை, தொட்டிக்குப் பதிலாகக் கைகாலில் உலர்ந்த பட்டையைக் கட்டி அளக்க அனுமதி வேண்டும் என்று கேட்டாள். ஒன்பதே நாளில் பதில் வந்துவிட்டது. பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் இருந்து வந்த நாலாயிரம் தன்னார்வலர்களை வைத்து இயந்திரம் நிலைப்படுத்தப்பட்டிருக்கிறது, அளக்கும் முறையில் எந்த மாற்றமும் ஏற்கப்படாது என்று இருந்தது. நாலாயிரம் பேரில் செருப்பில்லாமல் வேலை செய்கிறவர் ஒருவராவது உண்டா என்று கேட்டு மறுபடி எழுதினாள். அதற்குப் பதிலே வரவில்லை.

ஒருவருக்கு மூன்று தடவைதான் அளப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே நாற்பது நாள் இடைவெளி. அன்னக்கனிக்கு ஒன்று போய்விட்டது. கெத்சி வார விடுமுறையில் உப்பளத்துக்கே போனாள். இயந்திரத்தை மாற்ற முடியாது, ஆகவே அக்கா நீங்கதான் மாற வேண்டும், இனிமேல் காலைக் கரையில் விடாமல் இறங்க வேண்டும் என்று சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு அநியாயமான பேச்சு என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் காலே போய்விடும் என்கிறபோது வேறு என்ன சொல்ல?

முப்பத்து மூன்று வருடப் பழக்கத்தை எதிர்த்திசையில் பழகுவது சாமானியமா? அன்னக்கனி தினமும் இறங்குவதற்கு முன் கரையில் உட்கார்ந்து விரல் விரலாகத் தொட்டு, இது என் கால், இது என் கால் என்று சொல்லிக்கொண்டாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கங்காணி கேட்டான். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் பாத்திக்குள் ஒரு கால் வைத்தவள் போட்ட சத்தத்தில், பாம்பு கடித்துவிட்டது என்று நாலு பாத்தி தள்ளி நின்றவர்களும் ஓடி வந்தார்கள். அன்னக்கனி உப்பு அம்பாரத்தின் மேல் சாய்ந்து கிடந்து காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

காலோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே இடுப்பு வலித்தது, மறுநாள் தோள்பட்டை, அதற்கடுத்த நாள் உள்ளங்கை. இத்தனை வருடமும் எதையெதைக் கரையில் விட்டாளோ எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அவளால் பாத்தியில் கால் வைக்கவே முடியவில்லை. வேலை போயிற்று.

கெத்சி பார்க்கப் போனபோது அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். “வலின்னா இம்புட்டா நர்சம்மா? இத்தன வருசமா இது எங்கன இருந்துச்சு?” என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கெத்சியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. “நல்லா நடமாடிக்கிட்டு இருந்தவள இப்படிப் படுக்கப் போட்டுட்டியளே, நீங்க நல்லா இருப்பியளா?” என்று நேருக்கு நேராகவே கேட்டாள்.

நாற்பத்தோராம் நாள் கெத்சி அன்னக்கனியை இரண்டாம் தடவை அளந்தாள். அறுபத்தேழு. பச்சை. கெத்சி தன் பலகையையே மறந்து கைதட்டிவிட்டாள். ஆனால் ஆபரேஷன் தேதி எப்போது என்று பார்த்தால் மூன்றரை மாதம் தள்ளிப் போட்டிருந்தார்கள். டாக்டர் சொன்ன ஆறு மாதத்துக்கு உள்ளேதான் வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அந்த மூன்றரை மாதத்தையும் அன்னக்கனி முழுக்க முழுக்கத் தன் காலோடு கழிக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில், வலிமானித் திட்டத்தைத் தொடரலாமா என்று அரசாங்கம் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுக்கொண்டு வந்தது. உப்பாற்றுவிளைக் கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் பரிமேலழகன் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு குணமாகிவிட்டது போல, நன்றாகவே எழுதிக்கொண்டிருந்தார். வரி கட்டுவோர் சங்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, பொய் நோயாளிகள் ஒழிந்தார்கள் என்று ஆலோசகருக்குப் பொன்னாடை போட்டார். அடுத்து உப்பள முதலாளிகள் சார்பில் பேசியவர் இன்னும் ஒரு படி மேலே போனார். உப்பள வேலை உடம்பைக் கெடுக்கிறது என்று இத்தனை நாள் பழி சொன்னார்களே, எங்கள் தொழிலாளி எவளுக்காவது முப்பதுக்கு மேல் வந்திருக்கிறதா, அரசாங்க இயந்திரமே சான்றிதழ் கொடுத்துவிட்டதே, இனிமேல் கையுறை காலுறை என்று யாரும் எங்களைக் கேட்காதீர்கள் என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

கெத்சிக்கு ரத்தம் கொதித்தது. அந்தச் சான்றிதழில் இருந்தது அவளுடைய கையெழுத்து. அன்னக்கனியைக் கைத்தாங்கலாக எழுப்பி ஒலிபெருக்கி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். திட்டத்தில் பயன்பெற்றவர் என்று அறிவிப்பாளர் மகிழ்ச்சியோடு அறிமுகப்படுத்தினார்.

அன்னக்கனிக்கு மேடைப் பேச்சு வராது. காலைக் கரையில் விடுகிற கதையைச் சொன்னாள். இருபத்திரண்டு வந்ததையும், பதினெட்டாம் நாள் அலறியதையும், அறுபத்தேழு வந்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு மேடையைப் பார்த்தாள்.

“வலிக்குன்னு அழுதா வேல கெடையாதுய்யா எங்களுக்கு. அதான் அழாமப் பழகுனோம். இப்ப நீங்க வந்து, அழுதாத்தான் வைத்தியம்னு சொல்லுதிய. நாங்க எந்த வாசல்ல போயி நிக்க?”

பரிமேலழகன் பேனாவை மூடிவைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கியே வந்தார். அவள் முன்னால் கைகூப்பி, “அம்மா, நீங்க சொன்னது எனக்கு இதுவரைக்கும் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். இதுக்கு நிச்சயமா வழி செய்றேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைக் கெத்சி பக்கத்திலிருந்து பார்த்தாள். பொய்க் கண்ணீர் இல்லை. வீடு திரும்பும்போது ஆட்டோவில் கெத்சியும் அன்னக்கனியும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஆலோசகர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஐந்து வாரத்தில் வழி வந்தது, அரசாணை வடிவத்தில். அன்னக்கனியின் ஆபரேஷனுக்கு அப்போது பதின்மூன்று நாள் இருந்தது.

கெத்சி அதை மூன்று தடவை படித்தாள். இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொட்டி அப்படியே இருக்கும். உப்பளத் தொழிலாளர்களில் விரும்புவோருக்கு எட்டு வார வலி உணர்த்தும் பயிற்சி கொடுக்கப்படும். பயிற்றுநராகக் கெத்சியாள் பதவி உயர்த்தப்படுகிறாள். பயிற்சி பெற்றவர்களுக்கு எண் இயல்பைவிடக் கூடுதலாக வரும் என்று நிபுணர்கள் கருதுவதால், அவர்களுக்கு மட்டும் தகுதி அறுபதிலிருந்து எண்பதாக உயர்த்தப்படுகிறது. ஏற்கெனவே ஏதேனும் வகையில் பயிற்சி பெற்று ஒப்புதல் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும், அன்னாரது ஒப்புதல்கள் ரத்து.

ஏதேனும் வகையில் பயிற்சி பெற்றவர் நாடு முழுக்க ஒரே ஒருத்திதான். அவளும் அதை ஒலிபெருக்கியில் சொன்னதால்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு மனிதர் கண்கலங்கி இறங்கி வந்து கைகூப்பிவிட்டுப் போய், நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்து, ஒரு பெண்ணின் காலை எடுத்துவிட்டார். திட்டிச் சபிப்பதற்கு ஒரு அயோக்கியன்கூடக் கிடைக்காத கோபம் கெத்சிக்கு. அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுவிடலாமா என்றிருந்தது. விட்டால் நாளைக்கு வேறொருத்தி வந்து பச்சை சிவப்பு எழுதுவாள், அவ்வளவுதான்.

அன்னக்கனிக்கு இன்னும் ஒரு தடவை பாக்கி இருந்தது. கடைசித் தடவை. விதி மாறிவிட்டது, மறுபடி அளக்க வேண்டும், எண்பது வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். முழுதையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அன்னக்கனி அளக்க வந்த அன்றைக்குத்தான் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும் நாளும். பதிவேட்டிலிருந்த முப்பத்தெட்டுப் பேரும் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அன்னக்கனியைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பயிற்சி என்றால் என்னவென்று அவளைப் பார்த்தே அவர்களுக்குத் தெரியும். இருந்தும் வந்திருந்தார்கள்.

அன்னக்கனி தொட்டிக்குள் காலை வைத்ததும் பல்லைக் கடித்தாள். பட்டைக்குக் கீழே நெற்றி வேர்த்தது. அறுபத்தாறு. அறுபத்தெட்டு. மறுபடி அறுபத்தேழு. ஒரு நிமிடம் முழுதாக நிலைத்து நிற்கிற எண்ணைத்தான் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஓடிவிட்டது. எழுபதைக்கூடத் தொடவில்லை. அந்தக் கால் அதனால் முடிந்த மட்டும் வலித்துக்கொண்டிருந்தது, அதைப் போய் இன்னும் கொஞ்சம் என்று கேட்க முடியுமா?

“அந்தக் காயிதத்துல என்னதான் எழுதியிருக்கு நர்சம்மா?” அன்னக்கனி மேசையைப் பார்த்துக் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

கெத்சி பலகையைப் பார்த்தாள். அளக்கும்போது பேசக் கூடாது. ஆனால் இவளைப் பற்றிய காகிதம், இவளுக்குச் சொல்லாமல் இருப்பதற்கு நாம் யார் என்று தோன்றியது. எடுத்து வாசித்தாள். ஆணை எண், நாள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு. அன்னக்கனி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். எண்பது என்கிற வரி வந்தபோது கெத்சியின் கண் தற்செயலாகத் திரைப்பக்கம் போனது. எழுபத்து மூன்று என்றிருந்தது.

பக்கத்து வீடு என்று அந்தப் பொறியாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. பதினோரு வருடத்துக்கு முன்னால் தாலுகா ஆபீஸ் வரிசையில், விதிக்குக் கட்டுப்பட்டு நின்ற பெண்ணும் இவள்தான். கெத்சி நிறுத்தவில்லை. அடுத்த வரியை இன்னும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ஏற்கெனவே. ஏதேனும் வகையில். பயிற்சி பெற்று. ஒப்புதல்கள். ரத்து.

“அது நானா?”

“ஆமாக்கா.”

“நான் அன்னைக்கு உள்ளத உள்ளபடி சொன்னேன்லா, அதுக்கா?”

“அதுக்குத்தான்க்கா.”

அன்னக்கனி இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. கெத்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலு. எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. அதற்கு மேல் அது அசையவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, பச்சை விளக்கு எரிந்தது. பழைய தேதி உறுதி என்று திரையில் எழுத்து வந்தது.

கெத்சி பட்டையைக் கழற்றினாள். அன்னக்கனி காலை வெளியே எடுத்துத் துண்டில் ஒற்றினாள்.

“இது காலு இல்ல நர்சம்மா” என்றாள்.

“தெரியும்க்கா.”

“மிசினு பொய் சொல்லாதும்பாவளே?”

“சொல்லலக்கா. அது சரியாத்தான் சொல்லியிருக்கு.”

அன்னக்கனியை வெளியே கொண்டுவிட்டு வந்து கெத்சி மேசை முன்னால் உட்கார்ந்தாள். பயிற்சிக்குப் பெயர் எழுதும் தாள் மேசைமேல் வெறுமையாக இருந்தது. பயிற்சி எடுக்காதவர்களுக்கு இன்னும் அறுபதுதான். அந்த முப்பத்தெட்டுப் பேர் தங்கள் காலைக் கரையிலிருந்து எடுக்கவே வேண்டாம், அது அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். எல்லோருக்கும் நாற்பது நாள் எப்போதோ கடந்துவிட்டது, இன்றைக்கே மறுபடி அளக்கலாம். வெற்றுத் தாளை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். ‘அமைதி’ பலகையை மேசை இழுப்பறைக்குள் கவிழ்த்து வைத்தாள்.

பதிவேட்டில் முதல் பெயரைக் கூப்பிட்டாள். கண்ணில் பூ விழுந்தவள் சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கெத்சி அவளுடைய கையைப் பிடித்துத் தொட்டிக்குள் வைத்தாள், பட்டையை மாட்டினாள், திரையில் பத்தொன்பது என்று வந்ததைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அரசாணையை ஆணை எண்ணிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.